“கடைசிக் கட்டம், அப்படித்தான் இருக்கும்” என்று சொல்கிற ஹாஸ்பைஸை நம்பாதீர்கள்

ஹாஸ்பைஸ் என்பது குணமாக்க முடியாத நோயில் கடைசிக் காலத்தை வலியில்லாமல் கழிக்க உதவும் சேவை. வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்கிறோம் என்ற அப்படி ஒரு சேவையிடம் என் மாமியாரை ஒப்படைத்தோம். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனிமேல் கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது என்று புற்றுநோய் மருத்துவரே சொன்ன பிறகு, அத்தையிடமும் கேட்டு, அவர் சம்மதத்தோடு எடுத்த முடிவு அது. முடிவில் குறையே இல்லை. வந்து வாய்த்த ஆட்கள்தான் சரியில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது தன் வழியில் போகட்டும். அவர்கள் நடந்துகொண்ட விதத்தை மட்டும் விவரமாக எழுதுகிறேன். வேறு பெயரில் இதே மாதிரி ஆட்கள் உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும்.

முதல் நாள் வந்த ஒருங்கிணைப்பாளர் அருமையாகப் பேசினார். 24 மணி நேர நர்ஸ், கூப்பிட்டால் டாக்டர், வலியே தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று எல்லாவற்றுக்கும் “ஆமாம்” சொன்னார். இந்தச் சேவைக்கு எங்கேயுமே ஆள் பஞ்சம். உலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 5 கோடியே 68 லட்சம் பேருக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை, அதாவது வலியையும் மற்ற உபாதைகளையும் குறைக்கும் சிகிச்சை, தேவைப்படுகிறது, அதில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிடைத்ததே பெரிது என்று குடும்பங்கள் வாயை மூடிக்கொள்வதற்கு இதுதான் காரணம். அந்தத் தயக்கத்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

மருத்துவமனையில் இருந்தவரை அத்தைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்ஃபின் மாத்திரை. வலி ஓரளவு அடங்கித்தான் இருந்தது. ஹாஸ்பைஸ் டாக்டர் வந்தார், தோளுக்குக் கீழே ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்து அடங்கிய பேட்ச் ஒன்றை பிளாஸ்திரி மாதிரி ஒட்டினார், “இது இருக்கும்போது மாத்திரை எதுக்கு” என்று மார்ஃபினை அந்த நிமிஷமே நிறுத்திவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி அத்தை படுக்கையைப் பிடித்துக்கொண்டு கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது.

பேட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து தோல் வழியாக மெதுவாகத்தான் ரத்தத்தில் இறங்கும். ஒட்டியதும் வலி போகாது. பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகும். அதுவரைக்கும் பழைய மருந்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அது போக, நடுவில் திடீரென்று வலி குத்தி எழும்பினால் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு டோஸ் எழுதித் தர வேண்டும். ஒரு நாளைக்கான மொத்த மார்ஃபினில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்று கணக்கு வைப்பது வழக்கம். எங்களுக்கு இரண்டும் இல்லை. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அன்றைக்கே வற்புறுத்திய விஷயம், வலி திரும்புவதற்கு முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுங்கள் என்பது. அந்த அடிப்படையே தெரியாதவர்கள் ஹாஸ்பைஸ் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள்.

24 மணி நேர எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்.

“பேட்ச் போட்டிருக்குல்லம்மா, வேலை செய்யும். கடைசிக் கட்டம், அப்படித்தாங்க இருக்கும். காலையில டாக்டர்கிட்ட சொல்லிடறேன்.”

“நீங்க நர்ஸா?”

“இல்லம்மா, நான் கால் எடுக்கிற ஆளு.”

டூட்டி நர்ஸ் எண்ணைக் கேட்டேன், தரவில்லை. டாக்டர் தூங்குகிறார் என்றார். விடியும்வரை என் கணவரும் நானும் அத்தையின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

“கடைசிக் கட்டம்” என்ற அந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டோம் என்று கணக்கே இல்லை. அத்தை நிலைகொள்ளாமல் புரண்டார், போர்வையை இழுத்து இழுத்துப் போட்டார்: கடைசிக் கட்டம். வயிறு உப்பியது: கடைசிக் கட்டம். வாயைத் திறக்க மறுத்தார்: கடைசிக் கட்டம். பிறகு தண்ணீர் போல மலம் கசிய ஆரம்பித்தது. அதற்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை!

மார்ஃபின், ஃபென்டனில் இரண்டுமே குடலின் ஓட்டத்தை மந்தமாக்கும். எத்தனை நாள் எடுத்தாலும் உடம்புக்கு அது பழகாது. அதனால் இந்த மருந்தைத் தொடங்கும் அன்றைக்கே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். நோய்த்தணிப்புச் சிகிச்சை தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். கொடுக்காவிட்டால் மலம் உள்ளே கட்டிப்போய் அடைத்துக்கொள்ளும், அந்த அடைப்பின் ஓரமாக நீர் மட்டும் கசியும். வெளியே பார்த்தால் பேதி மாதிரி தெரியும். அதை நிறுத்த மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். அத்தை புரண்டு புரண்டு தவித்தது அந்த வேதனையில்தான். எங்களிடம் சொன்னது, “உயிர் பிரியற நேரம், அமைதியில்லாம இருக்கும்.”

நர்ஸ் என்று சீருடையில் அனுப்பிய பெண் உண்மையில் நர்ஸ் இல்லை, அட்டெண்டர். தானாகவே ஒருநாள் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது, பாசமாகத்தான் பார்த்துக்கொண்டாள். முதுகு வலிக்கிறது என்று அத்தை முனகினால் வெந்நீர்ப் பை வைத்துக் கொடுப்பாள். பேட்ச் ஒட்டிய இடத்தில் சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும், அது ஆபத்து என்று அவளுக்கு யாருமே சொல்லித்தரவில்லை. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப் பேட்ச் ஒட்டும்போது பழையதை எடுத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லித்தரவில்லை. வாரம் முழுக்க மேற்பார்வைக்கு ஒரு நர்ஸ்கூட எட்டிப்பார்க்கவில்லை.

பிறகு அத்தை தூங்கிக்கொண்டே இருக்க ஆரம்பித்தார். உலுக்கினால் கண்ணைத் திறப்பார், பேச வராது, மறுபடி தூக்கம். டாக்டர் வீடியோ காலில் பார்த்துவிட்டு, “சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க, கடைசிக் கட்டம்” என்றார். சொல்லிவிட்டோம். ஊரிலிருந்து வந்து இறங்கிய என் நாத்தனார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவமனையின் நோய்த்தணிப்புப் பிரிவுக்கு நேரே போய் நின்று, கையோடு ஒரு நர்ஸை அழைத்து வந்தார்.

அந்த நர்ஸ் செய்ததைச் சொல்கிறேன். நல்ல சேவை எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியது அந்த அரைமணி நேரம்தான். கை கழுவினார். எங்களிடம் பேசாமல் நேராக அத்தையிடம் குனிந்து, “அம்மா, நான் நர்ஸ் வந்திருக்கேன், தொட்டுப் பார்க்கட்டுமா?” என்று கேட்டார். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது, வலி மருந்து கூடிப்போனதற்கு அது ஓர் அடையாளம். வாய்க்குள் டார்ச் அடித்தபோது நாக்கு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்த எரிச்சல். அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். கையுறை போட்டு மலவாயைச் சோதித்தார், கல் மாதிரி இருக்கிறது என்றார். கடைசியாக எங்கள் உதவியோடு அத்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து நைட்டியை விலக்கினார். முதுகில் இரண்டு பேட்ச். புதுசு ஒன்று, அதற்குக் கீழே ஓரம் சுருண்டுபோய் பழசு ஒன்று. இடுப்புக்குக் கீழே எலும்பு துருத்தும் இடத்தில் பவுடர் அப்பியிருந்தது, துடைத்தால் தோல் உரிந்த புண்.

தன் டாக்டரை அங்கேயே போனில் பிடித்தார். பழைய பேட்சை எடுத்தார்கள், அளவை மாற்றினார்கள், எனிமா கொடுத்தார்கள், வாய்க்குப் பூஞ்சை மருந்து, படுக்கைக்கு ஏர் பெட். பேட்சை எடுத்த பிறகும் தோலில் தங்கிய மருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கும், ஒரு நாள் பொறுங்கள், மூச்சை எண்ணிக்கொண்டே இருங்கள் என்று சொல்லி, எத்தனைக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் மத்தியானம் அத்தை கண்ணைத் திறந்து, “தண்ணி குடு” என்றார். அதன்பிறகு எங்களோடு பேசினார். பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொன்னார், மகளோடு பழைய மனத்தாங்கல் ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொண்டார். நோய் நோய்தான், அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அந்தப் பேச்சையெல்லாம் எங்களிடமிருந்து பறித்திருப்பார்கள். என்னால் மன்னிக்க முடியாதது அதைத்தான்.

கடைசிக் கட்டம் என்பது உண்மையிலேயே உண்டு. சாப்பாடும் தண்ணீரும் வேண்டியிராது, கை கால் சில்லிட்டுத் திட்டுத் திட்டாக நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்பவர்களை உலுக்கும் அளவுக்கு நோயாளியை வருத்துவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே பெரும்பாலும் குறையும், தேவைப்பட்டால் ஊசியும் இருக்கிறது. இரண்டாவது குழு இதையெல்லாம் முன்கூட்டியே உட்காரவைத்துச் சொன்னது. அதனால் அது வந்தபோது நாங்கள் பதறவில்லை. ஒன்றைக் கடைசிக் கட்டம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், மலச்சிக்கலா, மூத்திரம் அடைத்திருக்கிறதா, மருந்து கூடிவிட்டதா, வாயில் புண்ணா, தொற்றா, ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். தேடாமலே சொல்பவர்கள் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

சேவையை அமர்த்தும் முன் ஒருங்கிணைப்பாளரிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். வரப்போகும் நர்ஸையே கேளுங்கள். மாத்திரை விழுங்க முடியாமல் போனால் வலி மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள்? தோலுக்கடியில் சின்ன ஊசி வைத்துக் கொடுப்போம், மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் வைத்திருக்கிறோம் என்று தயங்காமல் பதில் வர வேண்டும். மார்ஃபினோடு வேறு என்ன மருந்து சேர்த்து எழுதுவீர்கள் என்று கேளுங்கள். மலமிளக்கி என்ற சொல் வராவிட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். மூச்சுத் திணறல், குழப்பம், திடீர் வலி இவற்றுக்கான மருந்துகளை முன்கூட்டியே வீட்டில் ஒரு பெட்டியில் வைப்பீர்களா, அல்லது ராத்திரி எங்களை மருந்துக்கடை தேடி ஓடவிடுவீர்களா? மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று அவர்களே பயமுறுத்தினால் விலகிவிடுங்கள். சரியான அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒரு ராத்திரி, நன்றாக நேரம் கழித்து, அவர்களுடைய எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார், அவருக்கு ஊசி போடத் தெரியுமா, வீட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். வந்து ஒட்டுகிற ஒவ்வொரு பேட்ச் மேலும் தேதியும் நேரமும் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். படுக்கைப் புண் வருகிறதா என்று முதுகையும் குதிகாலையும் தினமும் நீங்களும் பாருங்கள்.

அத்தை போன பிறகு அந்த நிறுவனத்திலிருந்து ஒரு ஆறுதல் வார்த்தைகூட வரவில்லை, பாக்கித் தொகைக்கான பில்தான் வந்தது. புகாருக்காகக் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கினோம். அத்தை விடியவிடியக் கத்திய அந்த முதல் ராத்திரிக்கு நேராக “வலி இல்லை, நோயாளி நன்றாக உறங்கினார்” என்று எழுதியிருந்தது. இரண்டாவது பேட்ச் பற்றியோ புண்ணைப் பற்றியோ ஒரு வரி இல்லை. எங்கள் பக்கம் நின்றது, நாத்தனார் தன் போனில் எடுத்து வைத்திருந்த படங்களும், ராத்திரி நான் கூப்பிட்ட அழைப்புகளின் பட்டியலும்தான். அதனால் கேஸ் ஷீட்டை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருகை முடிந்ததும், அவர்கள் வாசல் தாண்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததும் எழுதியதும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே, அவர்கள் முன்னாலேயே கேளுங்கள்.