ஓசு! விளையாட்டின் மாடிங் பக்கம்: லெவல் செய்பவருக்கும் குறை சொல்பவருக்கும் எவ்வளவு உதவுகிறது?

சொந்தமாக லெவல் செய்துகொள்ளும் வசதி பல தாள விளையாட்டுகளில் உண்டு என்றாலும், செய்த லெவலைப் பற்றிப் பிறர் கருத்துச் சொல்வதற்கென்றே தனிப் பக்கம் ஒதுக்கி அதை முறைப்படுத்தியிருப்பதில் ‘ஓசு!’ முன்னே நிற்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டீன் ஹெர்பர்ட் 2007-இல் வெளியிட்ட இந்த இலவச விளையாட்டில், பாட்டின் தாளத்துக்குச் சரியாக அடிக்க வேண்டிய வட்டங்களையும், அழுத்திப் பிடித்தபடி நகர்த்த வேண்டிய ஸ்லைடர்களையும் அடுக்கிச் செய்யும் லெவலுக்கு பீட்மேப் என்றும், அதற்குத் திருத்தம் சொல்வதற்கு மாடிங் என்றும் பெயர். இங்கே நான் மதிப்பிடுவது மாடிங் ஏற்பாட்டை மட்டுமே. கோத்தகிரியில் இருக்கும் என் அக்கா மகன், ஊர்க் கல்யாணம் ஒன்றில் வாசித்த மேளத்தை வாசித்தவர்களின் சம்மதத்தோடு பதிவுசெய்து அதற்கு லெவல் அமைத்தபோது, அதைச் சோதிக்கும் வேலை எனக்கும் குன்னூரில் உள்ள அவனுடைய நண்பர்கள் சிலருக்கும் வந்து சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலம் நேரக் குறிப்பு. லெவல் அமைக்கும் எடிட்டரில் சந்தேகப்படும் நோட்டுகளை, அதாவது வட்டங்களையோ ஸ்லைடர்களையோ, தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-சி அழுத்தினால் நிமிடம், விநாடி, மில்லி விநாடி, நோட்டின் எண் எல்லாம் ஒரே வரியாக நகலாகின்றன. அந்த வரியோடு கருத்தை எழுதிப் போட்டால், லெவல் செய்தவர் அதைச் சொடுக்கியதும் எடிட்டர் அதே இடத்தில் போய் நிற்கிறது. வாட்ஸ்அப் குழுவில் “நடுவுல ஒரு இடம் என்னமோ மாதிரி இருக்குடா” என்று எழுதிய அதே பையன், இந்தப் பக்கத்துக்கு வந்ததும் எந்த நோட்டு என்று காட்ட வேண்டியதாயிற்று; காட்டத் தேடியபோதுதான் தனக்கு உறுத்தியது எது என்பது அவனுக்கே தெரிந்தது.

அந்த உறுத்தல் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் மேளம் திஸ்ர நடைக்கு மாறுகிறது, அதாவது ஒரு பீட்டுக்குள் மூன்று அடி விழுகிறது. மருமகனோ முந்தைய பகுதியின் பழக்கத்தில், பீட்டை நாலாகப் பிரிக்கும் கோட்டிலேயே நோட்டுகளை வைத்திருந்தான். 150 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 150 பீட் வேகத்தில், ஒரு பீட் 400 மில்லி விநாடி. அதில் நாலில் ஒரு பங்கு 100, மூன்றில் ஒரு பங்கு 133. வெறும் 33 மில்லி விநாடிதானே என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் துல்லிய அளவான ஓடி-யை 8 என்று வைத்த லெவலில் முழு மதிப்பெண்ணுக்காக இரு பக்கமும் கிடைக்கும் இடமே சுமார் 32 மில்லி விநாடி. மேளத்தைக் காதால் கேட்டு அடிப்பவருக்கு மதிப்பெண் குறைகிறது, வட்டத்தைக் கண்ணால் பார்த்து அடிப்பவருக்கு முழுதாக விழுகிறது. தாள விளையாட்டில் இதைவிடத் தலைகீழான நியாயம் இருக்க முடியாது.

கருத்துகளைப் பாராட்டு, யோசனை, பிரச்சினை என்று வகை பிரித்துப் போடச் செய்திருப்பதும் நன்று. நம் பிள்ளைகளிடம் லெவலைக் கொடுத்தால் முதலில் வருவது “செம”தான். அதை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பாராட்டுக்குத் தனி இடம் இருப்பதால் அது திருத்தத்தோடு கலந்து இரண்டையும் நீர்க்கவைப்பதில்லை. பிரச்சினை என்று போட்டதற்கு ஒரு முடிவு எழுதி ‘தீர்ந்தது’ என்று குறிக்கும் வரை லெவல் அடுத்த கட்டத்துக்கு நகராது.

கருத்தைப் பெறுபவருக்கு இதில் கிடைக்கும் மரியாதையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். சொன்ன திருத்தத்தை ஏற்கலாம், காரணம் எழுதி மறுக்கவும் செய்யலாம். மறுப்பது அங்கே இயல்பான பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. நேரில் நான் எதைச் சொன்னாலும் “சரி மாமா” என்று தலையாட்டும் பையன், ஒரு ஸ்லைடரைச் சுருக்கச் சொன்னதற்கு, “மாமா, அங்க மேளம் நின்னாலும் நாதஸ்வரம் இழுத்துக்கிட்டே இருக்கு, அதுக்காகத்தான் நீட்டி வச்சிருக்கேன்” என்று எழுதினான். கேட்டுப் பார்த்தேன், அவன் சொன்னது பொருத்தமாகவே இருந்தது, ஸ்லைடர் அப்படியே இருக்கிறது.

எதை முதலில் சொல்வது என்ற வரிசையை மட்டும் இந்தப் பக்கம் கற்றுத் தருவதில்லை; அதைச் சொல்பவர்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கணினியில் செய்த பாட்டுக்கு ஒரு பிபிஎம் கடைசி வரை பொருந்திவிடும். ஆள் வாசித்த மேளம் உற்சாகம் ஏற ஏற வேகமும் ஏறும். 150 என்று குறித்த இடத்தில் மேளம் 151-இல் போனால், அரை நிமிடத்தில் ஏறத்தாழ 200 மில்லி விநாடி, அதாவது அரை பீட் விலகிவிடுகிறது. ஆகவே வேகம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் அங்கிருந்து புது வேகத்தைக் குறிக்கும் டைமிங் புள்ளி வைத்த பிறகே வட்டங்களின் அமைப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு. டைமிங் ஆட்டம் கண்டிருக்கும்போது அழகைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுவது, அஸ்திவாரம் போடாத வீட்டுக்குச் சுண்ணாம்பு நிறம் தேர்ந்தெடுப்பதுதான்.

டைமிங் பற்றிய குறை உண்மைதானா என்று பார்க்க, ஆடி முடித்ததும் வரும் முடிவுத் திரை உதவுகிறது. சராசரியாக எத்தனை மில்லி விநாடி முந்தினோம், பிந்தினோம் என்பதை அது காட்டிவிடும். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் லெவலில் கோளாறு; ஒருவர் மட்டும் சாய்ந்தால் அவர் ப்ளூடூத் ஹெட்செட் போட்டிருக்கிறாரா என்று கேட்க வேண்டும், அதில் ஒலி 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதமாக வருவது சாதாரணம். ஆடியதை அப்படியே திரும்பக் காட்டும் ரீப்ளே கோப்பையும் சேமித்து அனுப்பச் சொல்வது நல்லது. புதியவர் ஒருவர் “கண்ணுல படறதுக்குள்ள போயிடுது” என்று சொன்னால், அது பெரும்பாலும் நோட்டு தோன்றும் வேகமான ஏஆர் பற்றிய பேச்சு: ஏஆர் 9-இல் வட்டம் 600 மில்லி விநாடி முன்பாகவும், ஏஆர் 5-இல் 1200 முன்பாகவும் தெரியும். அமைப்பை மாற்றாமலே தீரும் குறை இது.

குறைகளும் உண்டு. கருத்துச் சொல்பவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். பெயர் தெரியாத புதியவரின் லெவலை அவர்களாகத் தேடி வந்து பார்ப்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது. லெவல் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட இரண்டு பரிந்துரையாளர்கள் ஒப்ப வேண்டும், அதன்பின் ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருப்பு. நான்கு வாரம் தொடாமல் விட்டால் கிடப்பில் போய்விடும். உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், காது நன்றாக இருந்தும் எழுதத் தயங்கும் பையன்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் நேரக் குறிப்பை ஒட்டி, கீழே தமிழில் எழுதிக்கொண்டார்கள். மருமகனுக்கு அது போதுமானதாக இருந்தது, வெளியாள் ஒருவர் சேர்ந்தால் போதாது.

அதிகாரபூர்வ அங்கீகாரம் வேண்டாம், நண்பர்களோடு ஆடத்தான் என்பவரும் இந்த முறையைப் பின்பற்றலாம் என்பது என் பரிந்துரை. ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் நெட் படுத்துவிட்டாலும் வேலை நிற்காது. நோட்டுகள் எல்லாம் நோட்பேடிலேயே திறக்கக்கூடிய சிறிய எழுத்துக் கோப்பில்தான் இருக்கின்றன. சோதிப்பவரிடம் பாட்டு ஏற்கெனவே இருந்தால், திருத்திய அந்தக் கோப்பை மட்டும் போனில் அனுப்பினால் போதும்.