திருமங்கலம் பொதுச் சேவை மையமும் அம்மாவின் நிலுவைத் தொகையும்

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று மறைந்த என் தந்தையின் குடும்ப ஓய்வூதியத்தில், எப்போது ஓய்வுபெற்றாலும் ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியவர்களுக்குச் சம ஓய்வூதியம் தரும் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டப்படி அம்மாவுக்கு வரவேண்டிய நிலுவை நின்றுபோனதால், திருமங்கலத்தில் உள்ள ஒரு பொதுச் சேவை மையத்தை நாடினோம். 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டத்தின் 2019 திருத்தத்துக்கான நிலுவையை, குடும்ப ஓய்வூதியர்களுக்கு 2023 ஏப்ரல் 30-க்குள் ஒரே தவணையில் வழங்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தும், அம்மாவின் கணக்கில் பணம் ஏறவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அங்கிருந்த இளம் ஊழியர்தான். ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டபோது அப்பாவுக்குத் தரப்பட்ட பணிவிடுப்புப் புத்தகத்தில் (டிஸ்சார்ஜ் புக்) அம்மாவின் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் ஓர் எழுத்து குறைந்தும் இருப்பதை அவர் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் காட்டி, பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான 'ஸ்பர்ஷ்' இணையதளத்தில் திருத்தக் கோரிக்கையைப் பதிவுசெய்தார். "பதற்றப்படாதீங்கம்மா, இது உங்க பணம்" என்று அவர் சொன்னபோது அம்மாவின் முகம் தெளிந்ததை நான் மறக்கமாட்டேன்.

குறைகளும் உண்டு. கட்டணப் பட்டியல் வைக்கப்படவில்லை. கைரேகைக் கருவி முதியவர்களின் தேய்ந்த விரல்களை எளிதில் ஏற்பதில்லை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பேருந்தில் வரும் மூத்தவர்கள் உட்கார இரண்டே நாற்காலிகள். ஐந்து வாரங்களில் நிலுவை முழுவதும் வந்துசேர்ந்தது. செல்பவர்கள் பணிவிடுப்புப் புத்தகத்தின் மூலப்பிரதியையும் ஓய்வூதிய ஆணையையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.