ரன்னிங் போர்டு ஓட்டைக்குப் பட்டியா, தகடா?

ஆல்ட்டோ, சான்ட்ரோ, ஆம்னி என்று பதினைந்து வருடத்தை நெருங்கும் வண்டிகளுக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்ஜினால் பெரிய தொல்லை வருவதில்லை. மாருதியின் 796 சிசி இன்ஜினில் கை வைக்கத் தெரியாத மெக்கானிக் இங்கே கிடையாது. கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட் எல்லாம் கேட்ட அன்றே கிடைக்கும். வண்டியை முடிப்பது துருதான். கடலை ஒட்டிய தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ வெளியில் நிற்கும் கார் மழை பெய்யாவிட்டாலும் இரவெல்லாம் உப்பு ஈரத்தில் ஊறுகிறது. ஓட்டை விழுந்தபின் டிங்கர் கடையில் மூன்று வழி சொல்வார்கள்: பட்டி என்கிற, பூசினால் இறுகும் குழம்பால் மூடுவது, தகடு வெட்டி வெல்டிங் வைப்பது, அடியில் கறுப்பு கோட்டிங் அடிப்பது. கையில் காசு குறைவாக இருக்கும்போதுதான், திரும்பத் திரும்பச் செலவு வைக்காத தகட்டுப் பக்கம் போக வேண்டும் என்பது என் கட்சி.

கோட்டிங்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நல்ல தகட்டின் மேல் அது காவல். துருவின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், அரிப்பு நடப்பதும் வெளியே தெரியாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அடிப்பாகம் புதுக் கறுப்பாகப் பளபளத்தால் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று சொல்லும், போன தகடு 'டப்' என்று அமுங்கும்.

பட்டிக்கு இரண்டு அனுகூலம் உண்டு: ஒரே நாளில் வேலை முடியும், செலவு குறைவு. ஃபைபர் மேட்டை ரெசினில் நனைத்து ஓட்டையில் ஒட்டி, மேலே பட்டி இழுத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தால் பார்வைக்குப் புதுசுதான். ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஓட்டையின் விளிம்பில் மிச்சம் இருக்கும் துரு நிற்காமல் வளரும். இரும்பு துருவானால் பருமன் பல மடங்காகும், அந்த ஊதலில் பட்டி தானே எழும்பிவிடும். ஐப்பசியில் பெயின்டில் கொப்புளம், தையில் விரலால் பெயர்த்தால் கட்டியாகக் கையோடு வரும். கதவின் கீழ் விளிம்பு, மட்கார்டு போன்ற பாரம் தாங்காத இடம் என்றால், வண்டியை ஒரு வருடத்தில் மாற்றப் போகிறீர்கள் என்றால், பட்டி போதும். நசுங்கிய சப்பையை எடுத்தபின் மேடு பள்ளம் நிரவவும் அதுதான் வேண்டும், 2 மில்லிமீட்டருக்கு மேல் ஏறாமல்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டும், காரின் தளமும் அப்படி விடக்கூடியவை அல்ல. இந்தக் கார்களுக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் இல்லை, பாடியே சேசிஸ். ரன்னிங் போர்டு உளுத்துவிட்டால் ஜாக்கி ஏற்றும்போது உள்ளே நசுங்கும், கதவு இடுக்கு மாறும். பக்கவாட்டில் இடி விழுந்தால் காலுக்கும் இடுப்புக்கும் அதுதான் தடுப்பு. அந்த இடத்தில் ஃபைபர் ஒட்டுவது பாரத்தைத் தாங்காது.

வெல்டிங்கில் முதல் வேலை வெட்டுவது. வெளியே விரல் நுழையும் ஓட்டை என்றால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு காகிதமாக இருக்கும். நல்ல இரும்பு கிடைக்கும்வரை வெட்டச் சொல்லுங்கள். மெலிந்த விளிம்பில் வைத்த வெல்டு பிடிக்காது, உருகி ஓட்டை பெரிதாகும். தளத்துக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர், சரியாக இருக்கும். ஜாக்கி வைக்கும் இடத்துக்கு இன்னும் தடித்த 18 கேஜ். சிஓ2 வெல்டிங் இருக்கும் கடையாகப் பாருங்கள். ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டைப் பொத்துவிடும். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவி தகடு நெளியும். சிஓ2-விலும் ஒரே இழுப்பாக ஓட்டாமல், புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வைத்துத்தான் இணைக்க வேண்டும். முன்னதாக பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியாக வேண்டும், இல்லையென்றால் இன்ஜினை இயக்கும் கணினியான இசிஎம் போகலாம். மேட், சீட், வயரிங் விலக்கி, அடியில் ஓடும் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டு, ஈரச் சாக்கும் வாளித் தண்ணீரும் பக்கத்தில் வைத்தபின்தான் பொறி பறக்க வேண்டும்.

இதுவரை எல்லாக் கடையிலும் செய்வார்கள். ஒட்டுப்போட்ட இடம் இரண்டு வருடம் நிற்குமா, எட்டு வருடம் நிற்குமா என்பது இதற்குப் பின்னால் இருக்கிறது. வெளிப்பக்கம் தேய்த்து, பிரைமர், சீம் சீலர், பெயின்ட் எல்லாம் ஏறிவிடும். உள்பக்கம்? வெல்டிங் சூட்டில் தையலின் இரு புறமும் பழைய பெயின்ட் கருகி உதிர்ந்து, இரும்பு அம்மணமாக நிற்கும். ரன்னிங் போர்டு மூடிய பெட்டி, பிரஷ் போகாது. அடுத்த மழையில் துரு உள்ளிருந்து தொடங்கும். "தகடு போட்டும் நிக்கலையே" என்று வருகிறவர்களின் வண்டியைத் திறந்தால் பெரும்பாலும் இந்தத் தையல் ஓரம்தான் போயிருக்கும்.

அதனால் வெல்டிங் முழுக்க முடிந்து ஆறிய பிறகு, ரன்னிங் போர்டில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, நீளக் குழாய் நுனியால் உள்ளே கேவிட்டி வேக்ஸ், அதாவது மூடிய பெட்டிக்குள் துரு தடுக்கும் மெழுகு, அடிக்க வேண்டும். முன்கூட்டி அடித்தால் தீப்பிடிக்கும். ஒரு பக்கத்துக்கு அரை லிட்டர் தாராளம். குழாயை முழு நீளத்துக்கு நுழைத்து, மெல்ல வெளியே இழுத்தபடியே அடியுங்கள். கீழே வடிகால் துவாரத்தில் பழுப்பாகச் சொட்டத் தொடங்கினால் அந்த இடம்வரை வேக்ஸ் சேர்ந்திருக்கிறது. பிறகு துவாரத்தைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும், அடைத்துக்கொண்டால் செய்ததெல்லாம் வீண். வேக்ஸ் கிடைக்காத கடையில் பழைய இன்ஜின் ஆயிலை டீசலில் கலந்து அடிப்பார்கள். அது கழுவிப் போகும், புஷ்ஷையும் கதவு ரப்பரையும் உப்ப வைக்கும், மண்ணையும் கெடுக்கும்.

ரெட் ஆக்சைடு பூசியதோடு விடுவதும் பழக்கம். தனியாக விட்டால் அது ஈரம் புகும் பூச்சு. இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. துருவின் மேல் பூசும் ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவத்தை மேலோட்டமான சிவப்புத் துருவுக்கு மட்டுமே நம்பலாம், செதிலாக எழும்பிய துருவுக்குள் அது இறங்காது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் முதலில் வண்டல். ரன்னிங் போர்டுக்குள் இறுகிய சேறு உப்பு ஈரத்தைப் பஞ்சு மாதிரி பிடித்துவைக்கும். துவாரத்தில் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, நான்கைந்து வெயில் காயவிட்டுத்தான் எந்த வேலையும். காருக்குள் மேட்டைத் தூக்கி, அடியில் உள்ள ஃபெல்ட்டை அமுக்கிப் பாருங்கள். மழையே இல்லாத நாளில் ஈரம் இருந்தால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும், அல்லது முன்கண்ணாடி ரப்பர் ஒழுகும். அதைச் சரிசெய்யாமல் புதுத் தளம் போடாதீர்கள்.

தகடு எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். முன் சஸ்பென்ஷன் தூண் நிற்கும் இடத்திலோ, சக்கரத்தை அடியில் பிடிக்கும் லோயர் ஆர்மின் போல்ட் மாட்டும் இடத்திலோ உளுத்திருந்தால் ஒட்டு வேலையை நம்பி நெடுஞ்சாலையில் போகக் கூடாது. சேசிஸ் நம்பர் அடித்த தகட்டுக்கு அருகில் வெட்டவும் தேய்க்கவும் விடாதீர்கள், நம்பர் தெளிவில்லை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அலைய வேண்டும். பதினைந்து வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. எந்தத் தகடு போயிருக்கிறது என்று பார்த்தபின் அந்தப் பணத்தைக் கட்டுங்கள்.

வேலைக்குக் காலம் மாசி முதல் ஆனி வரை. வடகிழக்கு மழையில் பிரைமருக்கு அடியில் ஈரம் மாட்டும். முடித்தபின் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடிப்பாகத்தையும் சக்கர வளைவையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவ வேண்டாம். குழாய்த் தண்ணீர் இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.