எஸ்எஸ்ஸா, விஷுவல்விஎம்மா? ஜாவா சர்வரைக் கண்காணிக்க

கம்பம், குமுளிப் பக்கம் ஏலக்காய்க் கடைகளின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. எஸ்எஸ் என்பது சர்வரின் நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் லினக்ஸ் கட்டளை. விஷுவல்விஎம் என்பது ஓடும் ஜாவா புரோகிராமைப் படமாகக் காட்டும் கருவி. இரண்டுக்கும் காசு கிடையாது.

நெட்: எஸ்எஸ் கட்டளைக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து டெர்மினலில் நுழையும் வழி) போதும், மலையில் சிக்னல் இழுத்தாலும் ஓடும். விஷுவல்விஎம்முக்கு ஜேஎம்எக்ஸ் (ஜாவாவைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி) போர்ட் வேண்டும். அது கூடவே பயன்படுத்தும் ஆர்எம்ஐ போர்ட்டையும் நிலையாக வைக்காவிட்டால் ஃபயர்வாலில் மாட்டும். பாஸ்வேர்டு போடாமல் திறக்கவே கூடாது.

இணைப்புகள்: எஸ்எஸ்தான். அது காட்டும் இணைப்பு நிலைகளில் 'குளோஸ்-வெயிட்' குவிந்தால், எதிர்முனை மூடியும் நம் புரோகிராம் சாக்கெட்டை மூடவில்லை என்று அர்த்தம். விட்டால் 'டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்' என்று விழும். மூடிய இணைப்பு சற்று நேரம் காத்திருக்கும் 'டைம்-வெயிட்' நிலையைக் கண்டு பதற வேண்டாம். லினக்ஸில் 60 விநாடியில் தானே போய்விடும்.

த்ரெட் (புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை): டெர்மினலில் 'டாப் -ஹெச்' காட்டும் த்ரெட் எண்ணை ஹெக்ஸாக (16 அடிமான எண்ணாக) மாற்றி, ஜாவா 8, 11, 17 என்றால் த்ரெட்களைப் பட்டியலிடும் ஜேஸ்டாக் கருவியில் 'என்ஐடி'யாகத் தேட வேண்டும். விஷுவல்விஎம் பெயரோடும் நிறத்தோடும் காட்டும், டெட்லாக்கையும் (த்ரெட்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடுவது) சொல்லும்.

ஓடும் சர்வர் நள்ளிரவில் திணறினால் எஸ்எஸ். டெஸ்ட் மெஷினில் த்ரெட் சிக்கலை ஆராய விஷுவல்விஎம்.