எம்ஜிபி ரோட்ஸ்டர்: வாங்கும்போது பார்க்க வேண்டியதும் வைத்து ஓட்டும்போது செய்ய வேண்டியதும்

வெயில் அடிக்கும் நாளில் டாப்பை மடக்கிவிட்டு ஓட்ட வேண்டும், பழுதானால் பாகம் கிடைக்க வேண்டும், முடிந்த வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் வேண்டுமென்றால் இங்கிலாந்தில் முதலில் தேட வேண்டிய பழைய கன்வெர்ட்டிபிள், எம்ஜி கம்பெனியின் எம்ஜிபி ரோட்ஸ்டர்தான். அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, கூரை மூடிய ஜிடியையும் சேர்த்தால், 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதனால் வண்டிக்குப் பஞ்சமில்லை. நல்லதும் மோசமானதும் ஒரே விலைக்கு வருவதுதான் சிக்கல்.

பெயின்ட், குரோம், புது சீட் இவற்றைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் தகடுகளுக்குத்தான் காசு. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, மேலே கூரையும் இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது இந்த சில்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. முன்சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டருக்குள் ஒரு தடுப்புத் தகடு உண்டு. அதன் ஓரத்து ரப்பர் மக்கிப்போனால் சேறு உள்ளே புகுந்து தங்கிவிடும். ஈரச் சேறு காயவே காயாது; சில் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது நடுத்தகடு ஏற்கெனவே போயிருக்கும்.

சோதிப்பது எளிது. கதவைச் சாத்தி, பின்விளிம்பின் இடைவெளியை மேலும் கீழும் பாருங்கள். பிறகு வண்டியின் ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி வைத்து சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, மறுபடி பாருங்கள். இடைவெளி மாறவே கூடாது. மாறினாலோ கதவு இறுகினாலோ உடல் தொய்கிறது என்று அர்த்தம். அடுத்து, மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை சில் முழுக்க ஓட்டுங்கள்; ஒட்டாத இடத்தில் பட்டிதான் இருக்கிறது. முன்கண்ணாடிக்கு அருகே முன் ஃபெண்டரின் மேல்பகுதி, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிப் பெட்டிகள், பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடம், இவையும் துருவுக்குப் பிடித்தமான இடங்கள். கதவில் முக்கோணக் கண்ணாடியின் அடியில் தகடு கீறியிருப்பது இந்த வண்டிக்கே உரிய நோய். அதை மட்டும் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம்.

சில் மாற்றியிருக்கிறோம் என்று விற்பவர் சொன்னால், வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி கொடுக்காமலும் உடலைச் சமமாகத் தாங்கி நிறுத்தாமலும் வெட்டியிருந்தால், அந்த வண்டியின் கதவு இனி ஒருநாளும் சரியாகச் சாத்தாது. அழுகிய தகட்டின் மேலேயே புதுத்தகடு வைத்துப் பற்றவைத்திருந்தால் அது பழுதுபார்த்தது அல்ல, மூடி மறைத்தது. உடல் மொத்தமும் போயிருந்தால், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988 முதல் தயாரித்துவரும் முழுப் புது பாடிஷெல்லை வாங்குவது உண்டு. அந்தச் செலவுக்கு ஒரு நல்ல வண்டியே வாங்கலாமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

சேசிஸ் எண் எனப்படும் வண்டியின் அடையாள எண்ணையும் படித்துவிடுங்கள். ஜி-ஹெச்-என் என்று தொடங்கினால் ரோட்ஸ்டர். ஜி-ஹெச்-டி என்றால் அது ஜிடியாகப் பிறந்த வண்டி. கூரையை வெட்டிக் கன்வெர்ட்டிபிள் ஆக்கியதாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

எந்த வருடம் வாங்குவது? 1967 இறுதியிலிருந்து 1974 வரை வந்த குரோம் பம்பர் வண்டிகள் ஓட்டவும் பராமரிக்கவும் தோதானவை. கிராங்க்கைத் தாங்கும் ஐந்து பேரிங் 1964 இறுதியிலேயே வந்துவிட்டது. 1967-இல் முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழச் செய்யும் அமைப்பு) வந்தது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. 1974 இறுதியில் கறுப்பு ரப்பர் பம்பரோடு வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். சில ஆண்டுகள் ஆன்டி ரோல் பார்கூட இல்லாமல் வந்ததால் அவை வளைவில் சாயும். விலை குறைவு என்பதற்காக அவற்றை வாங்குவதில் தவறில்லை, சஸ்பென்ஷனைத் திருத்தப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

1798 சிசி எஞ்சின் கெட்டியானது. நன்றாகச் சூடேறிய பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேல் நிற்க வேண்டும். ஐடிலிங்கில் 15 முதல் 25 போதும். 20-டபிள்யூ-50 ஆயில்தான் ஊற்ற வேண்டும். புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில் இதற்கு ஆகாது. குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி 0.015 அங்குலம். வால்வை இயக்கும் டப்பெட்டின் சத்தம் கொஞ்சம் கேட்கட்டும். சத்தத்தை அடக்கவென்று இறுக்கி வைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் இடைவெளி சுருங்கிக்கொண்டே போனால், ஈயமில்லாப் பெட்ரோலில் வால்வு சீட் உள்வாங்குகிறது. ஹெட்டைக் கழற்றிக் கடினச் சீட் போட வேண்டும். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ்களை அது தின்றுவிடும். எத்தனால் குறைவான சூப்பர் கிரேடு இ5 போடுங்கள், ஹோஸ்களை எத்தனால் தாங்குபவையாக மாற்றிவிடுங்கள்.

இரட்டை எஸ்யூ கார்ப்ரேட்டரைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். தேவையே இல்லை. ஆனால் கார்ப்ரேட்டரைத் தொடுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டை 0.015, பிளக்கை 0.025 அங்குலத்துக்கு வையுங்கள், டைமிங்கைச் சரிபாருங்கள். கார்ப்ரேட்டர் கோளாறு என்று வருவதில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும். பிறகு எஞ்சினைச் சூடேற்றி, இரண்டையும் இணைக்கும் கம்பியின் கிளாம்பைத் தளர்த்துங்கள். ஒரு ரப்பர் குழாயை ஒவ்வொரு வாயிலும் மாற்றி மாற்றி வைத்து, காற்று இழுக்கும் சீறல் இரண்டிலும் ஒன்றுபோல் கேட்கும்வரை ஐடிலிங் ஸ்குருவைத் திருப்புங்கள். இப்போது ஒரு கார்ப்ரேட்டரின் பிஸ்டனை, அடியில் உள்ள சிறு தூக்குக் கம்பியால் ஒரு மில்லிமீட்டர் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி இறங்கினால் குறைவு. ஒரு கணம் ஏறிப் பழையபடி அடங்கினால் சரி. அடியிலுள்ள நட்டை ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி திக்கினால், மேல்மூடியைத் திறந்து டேஷ்பாட்டில் (பிஸ்டனுக்கு மேலுள்ள ஆயில் குழாயில்) ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் படபடவென்று அடித்து நின்றால் நல்ல பம்ப். ஓயாமல் அடித்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை, எங்கோ காற்று இழுக்கிறது அல்லது ஃப்ளோட் வால்வு மூடவில்லை. சத்தமே இல்லையென்றால் எர்த் வயரையும் உள்ளிருக்கும் பாயிண்டையும் சுத்தம் செய்யுங்கள். மின்சாரக் கோளாறு எதுவானாலும் முதலில் எர்த் இணைப்புகளைத்தான் சுரண்ட வேண்டும்.

கிளட்ச் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்து வாங்குங்கள்: கியர்பாக்ஸை மட்டும் அடியிலிருந்து இறக்க முடியாது, எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும். ரிலீஸ் பேரிங் கரியால் ஆனது, தேயும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வாருங்கள். ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் அமைப்பு) உள்ள வண்டி கிடைத்தால் கூடக் கொடுத்தாவது எடுங்கள். நெடுஞ்சாலையில் அது இல்லாமல் இரைச்சல் தாங்காது. ஓவர்டிரைவ் விழவில்லையென்றால் கியர்பாக்ஸைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். ஆயில் அளவு, கியர்பாக்ஸ் மேலுள்ள சுவிட்ச், அதற்குப் போகும் வயர், இந்த வரிசையில் பாருங்கள்.

அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது கிங்பின், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு. 3,000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தூக்கி எடையை எடுத்துவிட்டு, புதுக் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். எடை இருக்கும்போது அடித்தால் அழுத்தம் விழும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. ஸ்டியரிங் கனமாக இருந்தாலோ, திருப்பிய பின் தானாக நேருக்கு வராவிட்டாலோ, கிங்பின் காய்ந்திருக்கிறது.

வினைல் டாப்பை ஈரத்தோடு மடக்கினால் பூசணம் பிடிக்கும், கடுங்குளிரில் மடக்கினால் வெடிக்கும். பின் ஜன்னல் பிளாஸ்டிக் மடிப்பில் உரசாமல் நடுவே ஒரு பருத்தித் துணி விரியுங்கள். மழைக்குப் பிறகு கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைத் தடவிப் பாருங்கள். முன்கண்ணாடியின் அடி ரப்பர் வழியாக வரும் தண்ணீர் அங்கேதான் நிற்கும்.

40 வருடம் தாண்டிய வண்டிக்கு இங்கிலாந்தில் சாலை வரி இல்லை, பெரிய மாற்றம் செய்யாதிருந்தால் கட்டாய எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச்) சோதனையும் இல்லை. ஆனாலும் வருடம் ஒருமுறை எம்ஓடிக்குக் கொண்டுபோய், லிஃப்டில் ஏற்றியதும் நீங்களும் அடியில் நின்று சில், பிரேக் பைப், ஸ்பிரிங் மாட்டும் இடம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் பல வருடமாக எம்ஓடி எடுக்கவில்லை என்றால், புதிதாக ஒன்று எடுத்துத் தந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.