கிளட்சா, கன்வெர்ட்டரா? கம்மின்ஸ் பிக்கப்பில் கால் மைல்

1996 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்பில் ஒரு வேடிக்கை உண்டு. இன்ஜின் அதே 5.9 லிட்டர், 12 வால்வு கம்மின்ஸ். மேனுவல் கியர் எடுத்தால் 215 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் எடுத்தால் 180. ஆட்டோமேட்டிக் பெட்டி தாங்காது என்று கம்பெனியே இன்ஜினை அடக்கி வைத்திருந்தது. இருபது வருஷத்தில் கதை தலைகீழ். 2018 ராமில் 6.7 லிட்டர் கம்மின்ஸ் மேனுவலுக்கு 660 பவுண்ட்-அடி டார்க்தான் (சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை). 3500 மாடலில் கிடைத்த பெரிய ஆட்டோமேட்டிக்குக்கு 930. அந்த வருஷத்தோடு ராமில் மேனுவலும் நின்றுபோனது. ஃபோர்டின் பெரிய டீசல் பிக்கப்புகளில் அது 2010-லேயே முடிந்த கதை. (நம்மூரில் கம்மின்ஸ் என்றால் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் உறுமும் ஜெனரேட்டர். அமெரிக்கர்கள் அதே பெயரைப் பிக்கப்பில் மாட்டி ரேஸுக்கு ஓட்டிப் போகிறார்கள்.)

சரி, டிராக் ஸ்ட்ரிப்பில், அதாவது இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் கால் மைல் (சுமார் 400 மீட்டர்) பந்தயம் ஓடும் தடத்தில், எது ஜெயிக்கும்? நேரம் மட்டும்தான் கணக்கு என்றால் ஆட்டோமேட்டிக். சந்தேகமே வேண்டாம். காரணம் கியர் மாற்றும் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். வண்டி நகர்வதற்கு முன்பே மேனுவல் பின்தங்கிவிடுகிறது.

டர்போ டீசலுக்குச் சுமை இருந்தால்தான் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் ஊதும் காற்றழுத்தம், ஏறும். ஆட்டோமேட்டிக்கில் இடது காலால் பிரேக்கை அமுக்கிக்கொண்டு வலது காலால் ஆக்சிலேட்டரை மிதித்தால், டார்க் கன்வெர்ட்டருக்கு (ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் இடத்தில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் பாகம்) எதிராக இன்ஜின் திணறும், டர்போ சுழல ஆரம்பிக்கும். பச்சை விளக்கு விழும்போது பூஸ்ட் தயார். மேனுவலில் கிளட்ச் மிதித்திருக்கும்வரை இன்ஜினுக்குச் சுமையே கிடையாது. எவ்வளவு உறுமினாலும் பூஸ்ட் முள் பெரிதாக எழும்பாது. கிளட்சை விட்ட பிறகுதான் டர்போவுக்கே விஷயம் தெரியும். அதற்குள் பக்கத்து லேன்காரர் போயே போய்விட்டார்.

அப்புறம் கியர் விகிதம். 12 வால்வு வண்டியோடு வந்த ஐந்து கியர் என்வி4500-ன் முதல் கியர் 5.61. அது டிரெய்லர் இழுக்க வைத்த கியர். 3.54 ஆக்சில் விகிதம், 265/75 ஆர்16 டயர், இன்ஜினின் உச்சச் சுற்று 2600 ஆர்பிஎம் என்று கணக்குப் போட்டால் முதல் கியர் 19 கிலோமீட்டர் வேகத்திலேயே தீர்ந்துவிடும். அதனால் இரண்டாவதில்தான் கிளம்ப வேண்டும். அது 35-ல் முடியும், மூன்றாவது 65-ல், நாலாவது சுமார் 110-ல். ஓரளவு ஓடுகிற வண்டி கால் மைல் முடிவில் மணிக்கு 145 கிலோமீட்டரைத் தொடும். ஆக ஐந்தாவதும் வேண்டும், மொத்தம் மூன்று மாற்றம். ஒவ்வொரு மாற்றத்திலும் கால் எடுத்தால் பூஸ்ட் விழுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது 2600-லிருந்த இன்ஜின் 1430-க்கு இறங்கிவிடும். டர்போவை முதலிலிருந்து ஊத வைக்க வேண்டும்.

இங்கேதான் பழைய 12 வால்வு ஆட்கள் புத்திசாலிகள். அதன் பி7100 டீசல் பம்பில் கவர்னர் (இன்ஜின் சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் அமைப்பு) ஸ்பிரிங்கை மாற்றினால் இன்ஜின் 3500-க்கும் மேல் சுற்றும். கூடவே வால்வு ஸ்பிரிங்கையும் கடினமானதாகப் போட வேண்டும். 3500-ல் நாலாவது கியரிலேயே 145 வந்துவிடும். ஒரு மாற்றம் குறைகிறது. கவர்னர் காவலுக்கு இருப்பதால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கிளட்சை மட்டும் தட்டி மாற்றுபவர்களும் உண்டு. கியர்களை இசைவாகச் சேர்க்கும் சிங்க்ரோ பாவம்தான், ஆனால் பூஸ்ட் விழாது. ஒன்று கவனம்: இவ்வளவு சுற்று என்றால் ஃபிளைவீலை (இன்ஜினோடு சுழலும், கிளட்ச் பிடிக்கும் கனமான சக்கரம்) ஸ்டீலில் போட்டே ஆக வேண்டும். பழையது வெடித்தால் துண்டுகள் வந்து விழும் இடம் ஓட்டுபவரின் காலடி.

இதில் என்வி4500-க்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. அதன் பேர்போன வியாதி, மெயின் ஷாஃப்டில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட் கழன்று கியர் நகர்ந்துபோவது. ஸ்ட்ரிப்பில் ஐந்தாவதே தேவையில்லை என்றால் அங்கே பாதி கவலை போச்சு.

ராமில் பின்னால் வந்த ஆறு கியர் என்வி5600 இரும்புக் கூடு, யானை பலம், யானை எடை. ஆனால் 2005-லேயே உற்பத்தி நின்றுவிட்டது, உதிரி தேடி அலைய வேண்டும். அதற்கு அடுத்து வந்த ஜி56 அலுமினியக் கூடு. அதன் இரட்டை நிறை ஃபிளைவீலை (அதிர்வை விழுங்க இரண்டு பாகமாகச் செய்தது) தூக்கிப் போட்டுவிட்டு ஒற்றையாக மாட்டினால்தான் கூடுதல் டார்க் தாங்கும். விலையாக, வண்டி சும்மா நிற்கும்போது கியர்பாக்ஸ் கடகடக்கும்.

பணம் என்று பார்த்தால் மேனுவல் முந்துகிறது. என்வி4500-க்கு இரட்டைத் தட்டு கிளட்சும் தடிமனான இன்புட் ஷாஃப்டும் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அதே பலத்துக்கு அந்த வண்டியின் 47ஆர்ஈ ஆட்டோமேட்டிக்கைத் தயார் செய்ய கன்வெர்ட்டர், ஷாஃப்ட், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடி, உள்ளே கிளட்ச் தட்டுகள் என்று பில் நீண்டுகொண்டே போகும்.

பிராக்கெட் ரேஸில் மட்டும் மேனுவலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே நீங்களே சொன்ன நேரத்தை ஒட்டி ஓட்ட வேண்டும். அதைவிடச் சீக்கிரம் போனாலும் தோல்வி. கன்வெர்ட்டர் ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் கிளம்பும். கிளட்ச் சூட்டுக்கு ஏற்ப மாறும், ஓட்டுபவரின் காலும் மாறும்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 215 குதிரை 12 வால்வு, என்வி4500, நாலாவதிலேயே கோட்டைத் தாண்டும் ஸ்பிரிங். இரட்டைத் தட்டு கிளட்ச் பெடல் கல் மாதிரி இருக்கும், அது தெரியும். எதிராளி ஸ்டேஜ் பண்ண, அதாவது புறப்படும் கோட்டில் வண்டியை நிறுத்த, வேண்டுமென்றே தாமதிப்பார். மஞ்சள் விளக்கு எரிவதற்குள் உங்கள் இடது முழங்கால் நடுங்க ஆரம்பித்திருக்கும்.