உடுத்திச் செல்வதா, எடுத்துச் செல்வதா? சென்னை மழையில் அலுவலக உடை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கோ கோட்டைக்கோ மின்தொடர் வண்டியில் சென்று, அங்கிருந்து பேருந்தோ நடையோ என்று அலுவலகம் சேர்பவர்களுக்கு, காலையில் அலமாரியைத் திறந்தவுடன் ஒரே கேள்விதான் எழுகிறது. அலுவலக உடையை வீட்டிலேயே உடுத்திக்கொண்டு, வழியெல்லாம் அதை நனையாமல் காப்பதா? நனைந்தாலும் கவலையில்லாத பழைய உடையில் கிளம்பி, நல்ல உடையைப் பையில் எடுத்துச் சென்று அங்கே மாற்றிக்கொள்வதா? நனைந்தாலும் சீக்கிரம் உலர்ந்து, பார்வைக்குக் கெடாத துணிகளை இந்த மாதங்களுக்கென்றே ஒதுக்கி வைப்பது மூன்றாவது வழி. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடுவதால், இது என்றோ ஒரு நாள் சமாளித்துவிடும் சங்கடம் அன்று.

உடையில் விட்டுக்கொடுக்கவும் பலருக்கு வழியில்லை. தலைமைச் செயலக ஊழியர்களுக்காக 2019இல் வெளியான அரசாணை பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்றும், ஆண்களுக்குச் சட்டையும் முழுக்கால் சட்டையும், அல்லது பண்பாட்டைக் காட்டும் வேட்டி என்றும் வரையறுத்தது. எழுதப்பட்ட ஆணை இல்லாத தனியார் அலுவலகங்களிலும் எதிர்பார்ப்பு ஏறத்தாழ இதுவேதான். அந்த எதிர்பார்ப்பு மழைக்காக எங்கும் தளர்வதில்லை.

முதல் வழியை, அதாவது உடுத்திக்கொண்டே செல்வதை, எடுத்துக்கொண்டால் அதற்குள்ளேயே குடையா மழைக்கோட்டா என்ற கிளைச் சண்டை ஒன்று இருக்கிறது. குடை தலையையும் தோளையும் காக்கும். ஆனால் நகரத்து மழையில் உடையைக் கெடுப்பது மேலிருந்து விழும் நீரைவிட, பள்ளத்தில் இறங்கும் பேருந்துச் சக்கரம் வாரி இறைக்கும் சேற்று நீரும் நமது செருப்பே பின்புறம் தெறிக்கவிடும் புள்ளிகளும்தான். குடை பிடித்தவர் மிகுதியாக நனைவது நடக்கும்போது அன்று. பேருந்துப் படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குடையை மடக்கும் அந்த அரை நிமிடத்தில்தான். ஏறிய பிறகு மடக்கிய குடையின் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நமது கொசுவத்தில் இறங்கும், அல்லது பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலில் இறங்கும். துணிக்கடைப் பை ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்து, ஏறியவுடன் குடையை அதற்குள் போட்டுவிடுவது எந்த விலையுயர்ந்த குடையையும்விடப் பயன் தருகிறது.

மழைக்கோட்டு காற்றடிக்கும் நாளிலும் நிலைகுலையாது, முதுகுப் பையையும் சேர்த்து மூடும். ஆனால் கடைகளில் கோட்டும் கால்சட்டையுமாகக் கிடைப்பவை பெரும்பாலும் இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்டவை. அவர்களுக்கு எதிர்க்காற்று உண்டு, நமக்கு இல்லை. சென்னையில் மழை பெய்தாலும் புழுக்கம் முழுமையாக விலகுவதில்லை. ஆகவே காற்றுப் புகாத அந்த உறைக்குள் பதினைந்து நிமிடம் நடந்தால், வெளியிலிருந்து நனையாத சட்டை உள்ளிருந்து வியர்வையால் நனைந்துவிடுகிறது. நெரிசலான பெட்டிக்குள் அதை அணிந்தபடியே ஏறுபவர் சுற்றியிருக்கும் நால்வரையும் நனைத்து, அவர்களுடைய பார்வையாலேயே வசவு வாங்கிக்கொள்வார். வண்டிக்காகக் காத்திருக்கும்போதே நடைமேடைக் கூரையின் கீழ் கழற்றி, உதறி, மடித்துவிடத் தெரிந்தவருக்கே மழைக்கோட்டு பொருந்தும். நிலையத்திலிருந்து அலுவலகம் ஐந்து நிமிட நடைத் தொலைவில் இருந்தால் குடையே போதும் என்பது என் கணிப்பு.

எடுத்துச் சென்று மாற்றிக்கொள்ளும் இரண்டாம் வழி, காகிதத்தில் எழுதிப் பார்த்தால் எல்லாவற்றையும் வென்றுவிடும். உடை நனையாது, சேறு படாது, ஈரத்துணியோடு மெட்ரோவின் குளிர்பதனப் பெட்டியில் நின்று நடுங்கினாலும் இறங்கியதும் உலர்ந்த துணி காத்திருக்கிறது. இதன் குறை, மாற்றும் இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை, வேலை நேரத்தில் அணியாத உடைகளை வைக்கவும் ஈர உடைகளை உலர்த்தவும் இடம் தர வேண்டும் என்று விதி செய்யும் அதிகாரத்தை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 43ஆம் பிரிவே மாநில அரசுக்கு அளித்திருந்தது. மேசை நாற்காலி அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் கழிப்பறைதான். அதன் தரையும் மழை நாளில் வந்தவர் போனவர் கால்களால் ஈரமாகவே இருக்கும். சட்டையும் கால்சட்டையும் மாற்றுபவர் ஒற்றைக் காலில் நின்று எப்படியோ முடித்துவிடலாம். ஐந்தரை மீட்டர் புடவையை அந்த இடத்தில் தரையில் படாமல் கட்டுவது வேறு வகை வித்தை. ஒருமுறை புடவை, ரவிக்கை, ஊக்கு வரை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு உள்பாவாடையை மட்டும் வீட்டிலேயே விட்டுச் சென்ற நாளில், நனைந்த சுடிதாரோடு மாலை வரை உட்கார்ந்திருந்தேன். கழற்றிய ஈர உடையை எங்கே உலர்த்துவது என்ற கேள்வியும் மீதமிருக்கிறது. நெகிழிப் பையில் மூடி வைத்தால் மாலைக்குள் முடைநாற்றம் பிடித்துவிடும்.

மூன்றாம் வழியில் துணியின் இயல்பு பேசுகிறது. 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன் புடவை ஒரு தூறலிலேயே விறைப்பு இழந்து தொங்குவதும், பாலியெஸ்டரில் நெய்த கிரேப் அல்லது ஜார்ஜெட் புடவை அதே தூறலை உதறிவிட்டு நிமிர்வதும் இதனால்தான். ஆண்களுக்கு டெரிகாட்டன் சட்டையும் கால்சட்டையும் இந்த மூன்று மாதங்களில் நல்ல துணை. கோடையில் அதைக் குறை சொன்னவர்களே இப்போது தேடி எடுக்கலாம். அலுவலகங்களில் இன்று மிகுதியாகக் காணப்படும் ரேயான் குர்தியைத்தான் மழை நாளில் ஒதுக்கச் சொல்வேன்: ஈரமானால் கனத்துத் தொங்கும், அதன் வலுவும் பாதியளவுக்குக் குறைந்துவிடும். நிறத்திலும் ஏமாற்று உண்டு. காக்கியும் வெளிர் சாம்பலும் ஒவ்வொரு துளியையும் காட்டிக்கொடுக்கும்; கறுப்பு ஈரத்தை மறைத்தாலும் காய்ந்த சேற்றுப் புள்ளியை வெள்ளையாகக் காட்டும். சிறு பூ அச்சிட்ட துணி இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

இம்மூன்றில் ஒன்றை முழுமையாகப் பிடித்துக்கொள்வதுதான் தவறு என்று எனக்குப் படுகிறது. முழங்காலுக்கு மேலே குடையும் துணித் தேர்வும் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகின்றன. முழங்காலுக்குக் கீழே எதுவும் காப்பாற்றுவதில்லை. எனவே மேலுடையை உடுத்திச் செல்வதும், கீழே உள்ளதை மட்டும் எடுத்துச் சென்று மாற்றுவதும் பொருந்தி வருகிறது. சுடிதார் அணிபவர் மாற்று லெக்கிங்ஸ் ஒன்றைக் கொண்டுபோனால் போதும். கால்சட்டை அணிபவர் அதைக் கெண்டைக்கால் வரை மடித்துவிட்டுக்கொள்ளலாம். பையின் கனமும் கழிப்பறை வித்தையும் பெருமளவு குறைகின்றன.

காலணியில் எனக்குத் தயக்கமே இல்லை. தோல் ஷூவை மழையில் அணிந்து நடப்பதைவிட, அலுவலகத்திலேயே ஒரு சோடியை வைத்துவிட்டு, பின்வாருள்ள ரப்பர் செருப்பில் வருவது நல்லது. நனைந்த காலுறைக்குள் எட்டு மணி நேரம் இருக்கும் பாதத்தில் சேற்றுப்புண் வராமல் இருந்தால்தான் வியப்பு. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கணுக்கால் அளவு நீருக்குச் சரி. நீர் மேல்விளிம்பைத் தாண்டிவிட்டால் அது காலில் மாட்டிய வாளிதான். திறந்த செருப்புக்கும் ஒரு கெடுதல் உண்டு: தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலில் உள்ள சிறு வெட்டு வழியாகக்கூட எலிக்காய்ச்சல் தொற்றலாம். ஆகவே காலில் புண் உள்ளவர் தேங்கிய நீரில் இறங்காமல் சுற்றிப் போவதும், மற்றவர்கள் அலுவலகம் சேர்ந்தவுடன் சோப்புப் போட்டுக் கால் கழுவித் துடைப்பதும், ஷூவை மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை. வைத்துவிட்டு வரும் தோல் ஷூவை இழுப்பறைக்குள் பூட்டினால் ஒரே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடக்கூடும். செய்தித்தாளை உள்ளே திணித்து, மேசைக்கடியில் காற்றுப்பட வைக்க வேண்டும்.

பட்டு மட்டும் இந்த ஒப்பீட்டுக்குள் வராது. அலுவலகங்கள் எல்லாரையும் பாரம்பரிய உடையில் வரச் சொல்லும் தீபாவளி வாரம் மிகச் சரியாக இந்த மழைக்குள்தான் விழுகிறது. பட்டில் விழும் ஒரு துளி, காய்ந்த பிறகும் வளையமாகத் தங்கிவிடக்கூடும். அன்றைக்கு மட்டும் புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி, அதன்மேல் நெகிழி உறையிட்டு, முந்தின நாள் மழை விட்ட நேரத்திலேயே கொண்டுபோய் அலுவலகத்தில் வைத்துவிடுகிறேன், உள்பாவாடையோடு.